துடைக்காமல் விட்ட சதுரம்

பலேர்மோவில், கடலுக்கு முதுகு காட்டி நிற்கும்
விலார்தி மாளிகையில் எனக்கு இரவுப் பணி.
ஒன்று பத்துக்குப் பதினான்காம் அறையிலிருந்து அழைப்பு:
"கூரையில் அழுக்கு இருக்கிறது, தம்பி."

இந்தப் புகாருக்குப் பதில் எனக்கு மனப்பாடம்.
ஆனாலும் நேரில் போக வேண்டும், அது விதி.
படியேறும்போதே டையைச் சரிசெய்தேன்.

நுன்ஸியா லோ ப்ரெஸ்தி. அறுபத்தெட்டு வயது.
ஜெனோவாவிலிருந்து ரயிலில் வந்தவள்.
ஒரே இரவு. மொத்தமும் ரொக்கம்.
ரப்பர் பேண்டு போட்ட கட்டை நான் பிரித்து எண்ண எண்ண
அவளும் உதட்டுக்குள் எண்ணினாள்.

கதவு திறந்தது.
நாங்கள் வைத்த வெள்ளைச் செருப்பு உறை பிரியாமல் கிடக்க
வெறுங்காலோடு ஓடுகளின் மேல் நின்றாள்,
குளிர்கிறதா என்று பார்ப்பவள் போல.

மேலே, சுதைப் பூக்களுக்கு நடுவில்
மேகத்தில் சாய்ந்திருக்கிறாள் விடியலின் தேவி.
இடது முழங்காலுக்குக் கீழே
உள்ளங்கை அகலம் ஒரு கறுப்புச் சதுரம்.

"மன்னிக்க வேண்டும், அம்மா," ஆரம்பித்தேன்.
"ஓவியத்தைச் சுத்தம் செய்தவர்கள் வேண்டுமென்றே விட்டது.
முன்பு எப்படி இருந்தது என்பதற்குச் சாட்சி.
இருநூறு வருட மெழுகுவர்த்திப் புகை,
பிரபுக்கள் நடனமாடிய இரவுகளில்..."

"மத்தி மீன்," என்றாள்.

"என்ன அம்மா?"

"மத்தி மீன். மண்ணெண்ணெய் அடுப்பு.
வெள்ளிக்கிழமைகளில் கடலைமாவுப் பலகாரம்.
எங்கள் அடுப்பு நேராக அந்தக் காலுக்கு அடியில்.
பாவம், அவளுக்குச் சுடும் என்பார் அப்பா."

போரில் குண்டு விழுந்து வீடு போனவர்கள்.
இந்த ஒரு கூடத்தில் நாலு குடும்பம்.
சுவர் என்பது கயிற்றில் தொங்கும் போர்வை.
ஸ்கிமெக்கா வீட்டு இருமல் இவர்களுக்கு,
இவர்கள் வீட்டுச் சண்டை அவர்களுக்கு.
அவள் பிறந்ததும் இங்கேதான், அலமாரிக்குப் பின்னால்.
பன்னிரண்டு வயதில் கிளப்பிவிட்டார்கள்.

எங்கள் கையேட்டில், நான்காம் பக்கத்தில்,
தங்க எழுத்தில் ஒரு வரி உண்டு:
போருக்குப் பின் மாளிகை நாற்பது ஆண்டுகள் உறங்கிக் கிடந்தது.
மூன்று மொழிகளில் எனக்கு அது வரும்.
ஏனோ அவளிடம் சொல்லிக் காட்டினேன்.

"உறங்கியதா?
பதினோரு குடும்பத்துக்கு ஒரே கக்கூஸ்.
யாரப்பா உறங்கினார்கள்?"
வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.
பக்கத்து அறைக்காரர் எழுந்துவிடுவாரோ என்று
நான் கதவைப் பார்த்தேன்.

"துடைக்கச் சொல்லவா?" என்று வேறு கேட்டுத் தொலைத்தேன்.
"ஐயோ, துடைக்கவா கூப்பிட்டேன்? ஏணி இருக்கிறதா?"

இருந்தது, சரவிளக்கின் பல்பு மாற்றுகிற ஏணி.
விருந்தினர் ஏறக் கூடாது, காப்பீடு.
நான்தான் ஏறினேன், ஷூவைக் கழற்றிவிட்டு.
அவள் இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.
விடியலின் தேவிக்கு அத்தனை பக்கத்தில்
நான் போனதே இல்லை. கன்னம் முழுக்கக் கீறல்.

"மோந்து பார்."
பார்த்தேன்.
"என்ன வாசம்?"
வார்னிஷ் வாசம். வேறொன்றும் இல்லை.
"மீன்," என்றேன்.
கீழேயிருந்து குரல் வந்தது:
"உனக்குப் பொய் சொல்ல வரவில்லை. இறங்கு."

காலையில் ஏழு மணிக்கெல்லாம் போய்விட்டாள்.
எகிப்துப் பருத்தி விரித்த கட்டில் கலையவே இல்லை.
வடக்கு ஜன்னலடி மூலையில், வெறுந்தரையில்,
ஒரு தலையணை. நடுவில் தலை வைத்த பள்ளம்.
சோப்புகளை மட்டும் ஒன்றுவிடாமல் எடுத்துப் போயிருந்தாள்.

அன்றைக்கு வழிகாட்டி வரவில்லை.
பத்து மணிக்கு ஜெர்மானியர் கூட்டத்தை நானே அழைத்துப் போனேன்.
மெழுகுவர்த்திப் புகை என்றேன்.
வாய் அப்படிப் பழகிக் கிடக்கிறது.
கழுத்தை அண்ணாந்து தலையாட்டினார்கள்.

நான்காம் பக்கத்து வரி வந்தபோது
எனக்கு இருமல் வந்தது.
தண்ணீர் வேண்டுமா என்றாள் ஒருத்தி.
வேண்டாம் என்று கைகாட்டிவிட்டு
இன்னொரு முறை, கொஞ்சம் உரக்க,
இருமினேன்.